மலைநாட்டுத் தண்ணீரில் ஓடும் அவுட்போர்ட் எஞ்சினுக்குப் புரொப்பெல்லர் மாற்றுவது எப்படி?

போட்டின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்ட் எஞ்சினில், தண்ணீரைத் தள்ளுகிற புரொப்பெல்லர் உடைந்தால் அதைப் பேப்பரில் சுற்றி நீர்கொழும்புக்கு எடுத்துக்கொண்டு போய், "இதே நம்பரில் ஒன்று தாங்க" என்று கேட்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கடைக்காரரும் அதே நம்பரைத் தேடி எடுத்துத் தருவார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கடலில் ஓடுகிற போட்டுகளுக்குச் சாமான் விற்கிறவர். ஆனால் மலையில் ஓடுகிற எஞ்சினுக்கு அந்த நம்பர் அநேகமாகப் பெரிதாகத்தான் இருக்கும். உடைந்தது சரியான நம்பர்தானா என்று பார்க்காமல் அதே நம்பரை வாங்குவது, பழைய நோயைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குவதுதான்.

நான் நோர்வூட்டில் சின்னதாக ஒரு வேர்க்‌ஷொப் வைத்திருக்கிறேன். தோட்டங்களின் புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் பம்ப், தண்ணீர் மோட்டர் என்று எல்லாம் வரும். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிற போட்டுகளின் எஞ்சின்களும் வரும். நுவரெலியாவின் கிரகரி வாவியிலிருந்தும் சில நேரம் கூப்பிடுவார்கள். அங்கே அன்னப்பறவைப் பெடல் போட் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள், இந்தத் தலைவலி அவர்களுக்குக் கிடையாது. எஞ்சின் போட் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம்பரைப் புரிந்துகொள்ளுங்கள். புரொப்பெல்லரின் நடுக்குடத்திலோ (ஷாஃப்டில் ஏறுகிற நடுப்பகுதி) இலையின் அடியிலோ இரண்டு எண்கள் பொறித்திருக்கும். எங்கள் பக்கத்தில் அதிகம் ஓடுகிற 15 குதிரைவலு யமஹாவில் ஒன்பதேகாலுக்கு ஒன்பது, ஒன்பதேகாலுக்கு ஒன்பதேமுக்கால் என்கிற மாதிரி இருக்கும், பின்னால் 'ஜே' என்ற எழுத்தும் வரும். முதல் எண் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது பிட்ச். தண்ணீர் கொஞ்சமும் வழுக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், புரொப்பெல்லர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது போட் எத்தனை அங்குலம் முன்னால் போகுமோ அதுதான் பிட்ச். நிஜத்தில் தண்ணீர் வழுக்கும், அதுவும் பாரம் ஏற்றிய போட்டில் நன்றாகவே வழுக்கும். பின்னால் இருக்கிற எழுத்து அது எந்த எஞ்சின் வகைக்கு ஏறும் என்பதைக் காட்டுகிறது. சின்ன எஞ்சின்களில் விட்டத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம், கம்பெனி அதை அநேகமாக ஒரே அளவில்தான் வைத்திருக்கும். நாம் தெரிவு செய்வது பிட்சைத்தான்.

இனி உயரத்துக்கு வருவோம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. எஞ்சின் ஒரு இழுப்பில் உள்ளே எடுக்கிற ஒட்சிசன் குறைகிறது, சக்தியும் குறைகிறது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். காசல்ரீ நீர்த்தேக்கம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அதாவது 3,600 அடி. அங்கே உங்கள் 15 குதிரைவலு எஞ்சின் பதின்மூன்று சொச்சம்தான். கிரகரி வாவி இன்னும் மேலே, கிட்டத்தட்ட 1,870 மீற்றர். அங்கே அதே எஞ்சின் பன்னிரண்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நுவரெலியாக் குளிர் நல்லதுதானே, குளிர்ந்த காற்று அடர்த்தியாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். கொஞ்சம் உதவும். உயரம் பறித்துக்கொண்டதை முழுதாகத் திருப்பித் தராது. கொத்மலை நீர்த்தேக்கம் 700 மீற்றரில், விக்டோரியா நீர்த்தேக்கம் 440 மீற்றருக்குக் கிட்ட. அங்கெல்லாம் இழப்பு இவ்வளவு தெரியாது.

எஞ்சின் இப்படி இளைத்துப்போயிருக்கும்போது கடலுக்குப் பொருத்தமான பிட்சைப் போட்டால் என்ன ஆகும்? பாரம் ஏற்றிய லொறியை மூன்றாம் கியரிலேயே கினிகத்தேனை வளைவுகளில் ஏற்றுகிற கதைதான். போட் நகரும், ஆனால் எஞ்சின் முக்கும். த்ரொட்டிலை முழுதாகத் திறந்தாலும் சுற்று ஏறாது. டூ-ஸ்ட்ரோக் என்றால் புகை கக்கும், பிளக் கறுக்கும், பிஸ்டன் வளையத்தில் கரி படியும். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் சத்தமில்லாமல் உள்ளே சூடேறித் தேயும். ஓட்டுகிறவருக்குத் தெரிவது ஒன்றுதான், பெற்றோல் அதிகம் குடிக்கிறது, இழுவை போதவில்லை. உடனே கார்புரேட்டரைக் குறை சொல்வார்.

கிரகரி வாவியில் ஒரு பையன் கேட்டது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அண்ணே, கீழ ஓடுன அதே எஞ்சின், அதே ஃபேன். இங்க வந்ததும் ஏன் இப்படி மாடு மாதிரி நிக்குது?" எஞ்சினைத் திருகோணமலைப் பக்கத்தில் யாரிடமோ செகண்ட் ஹாண்டாக வாங்கியிருந்தார்கள். புரொப்பெல்லரைப் பார்த்தேன், பிட்ச் பதினொன்று. கடலில் ஒருவர் இருவரோடு பறப்பதற்கு அது சரி. இங்கே ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு சுற்றுவதற்கு அது சரிப்படாது.

சரி, எந்த பிட்ச் வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊகத்தில் வேண்டாம். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டுகிற ஆர்.பி.எம். மீற்றர் ஒன்று வேண்டும். பிளக் வயரில் சுற்றிவிடுகிற சின்ன டிஜிட்டல் மீற்றர் போதும், விலையும் பெரிதில்லை, புல் வெட்டும் மெஷினுக்கும் அதையே பாவிக்கலாம். மீற்றரில் ஒரு சுற்றுக்கு எத்தனை தீப்பொறி என்று ஒரு செட்டிங் இருக்கும். அது தவறினால் இரண்டு மடங்கோ பாதியோ காட்டும். நியூட்ரலில் எஞ்சின் சும்மா ஓடும்போது ஆயிரத்தை ஒட்டி ஏதோ ஒரு எண் வந்தால் செட்டிங் சரி. இரண்டாயிரம் காட்டினால் செட்டிங்கை மாற்றுங்கள்.

மீற்றரைக் கட்டுவதற்கு முன்னால் எஞ்சின் சுகமாக இருக்கிறதா என்று பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. நோயாளி எஞ்சினை வைத்துக்கொண்டு புரொப்பெல்லர் தெரிவு செய்தால், எஞ்சினைத் திருத்திய அன்றைக்கே புரொப்பெல்லர் பொருந்தாமல் போகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மேலே கொண்டுவந்த கார்புரேட்டர் எஞ்சின் என்றால், காற்றுக் குறைந்து பெற்றோல் கூடுதலாகக் கலப்பதால் பிளக் கரி பூசியிருக்கும். அதற்கு கார்புரேட்டரில் பெற்றோலை அளந்து விடுகிற மெயின் ஜெட்டை ஒரு அளவு சின்னதாக மாற்ற வேண்டும். இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் கலவையைத் தாங்களே சரிசெய்துகொள்ளும், ஆனால் இல்லாத காற்றை அவையும் உண்டாக்கிவிடாது. போட்டின் அடியில் பாசி பிடித்திருக்கிறதா, உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனிச் சோதனை. காலையில், காற்று எழும்புவதற்கு முன்னால் செய்யுங்கள். மத்தியானத்துக்குமேல் காசல்ரீயில் காற்றும் அலையும் வந்துவிடும், எண்ணை நம்ப முடியாது. வழக்கமாக ஏற்றுகிற பாரத்தையே ஏற்றுங்கள். ஆட்கள் கிடைக்காவிட்டால் உர மூட்டை ஏற்றலாம், 50 கிலோ மூட்டையில் கணக்கும் சுலபம். முன்னும் பின்னும் பாரத்தைப் பரப்பி வைத்து, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து, போட் ஒரே வேகத்துக்கு வந்தபிறகு மீற்றரைப் பாருங்கள். பிறகு திரும்பி எதிர்த் திசையிலும் ஒருமுறை. இரண்டுக்கும் நடுவில் வருகிற எண்தான் உங்கள் எண்.

அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? முழு த்ரொட்டிலில் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று எஞ்சின் புத்தகத்தில் ஒரு எல்லை கொடுத்திருப்பார்கள். யமஹா 15 டூ-ஸ்ட்ரோக்குக்கு அது 4,500இலிருந்து 5,500 வரை. அதே வலுவில் புதிய ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு 5,000இலிருந்து 6,000 வரை. உங்கள் எஞ்சினின் எல்லையைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்துப் போட்காரர் சொன்னதை எடுக்க வேண்டாம். முழுப் பாரத்தோடு ஓடும்போது எண் அந்த எல்லைக்குள் வர வேண்டும், நடுவை ஒட்டி வந்தால் இன்னும் நல்லது. கீழே நின்றால் பிட்ச் பெரிது, மேலே தாண்டினால் பிட்ச் சிறிது.

ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் சுற்று 150இலிருந்து 200 வரை கூடும். இந்த ஒரு கணக்கு மட்டும் மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. காசல்ரீயில் 16 அடி ஃபைபர் போட் ஒன்று. ஓட்டுநரும் ஐந்து பேரும். பிட்ச் பதினொன்றோடு முழு த்ரொட்டிலில் 4,300தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு இறக்கினால் 4,500 வாசலில் வந்து நிற்கும், காற்று எதிர்த்தால் மறுபடி கீழே விழும். ஒன்பதுக்கு இறக்கினால் 4,700 வரை போகும், அது வேலைக்கு ஆகும். எட்டுக்கு இறக்கினால் பாரத்தோடு இன்னும் சுகமாக இருக்கும், ஆனால் ஆட்களை இறக்கிவிட்டு ஓட்டுநர் தனியாகத் திரும்பும்போது சுற்று 5,500ஐத் தாண்டக்கூடும். அப்படித் தாண்டும்போது த்ரொட்டிலைக் குறைக்கிற ஓட்டுநர் என்றால் எட்டு, இல்லையென்றால் ஒன்பது. அனேக பையன்கள் குறைக்கமாட்டார்கள், ஆகவே நான் ஒன்பதைத்தான் சொல்வேன். அதே போட்டைக் கிரகரி வாவிக்குக் கொண்டுபோனால் எட்டு என்று மாற்றிச் சொல்வேன்.

பிட்ச் குறைத்தால் வேகம் குறையாதா என்று கேட்பார்கள். கடதாசிக் கணக்கில் குறையும். ஆனால் பெரிய பிட்சோடு சுற்ற முடியாமல் முக்குகிற எஞ்சின், சின்னப் பிட்சோடு தன் முழுச் சுற்றுக்குப் போகும்போது போட் மந்தமாகாது, பலநேரம் கொஞ்சம் கூடவே ஓடும். கரையிலிருந்து எழும்புகிற இழுவை உடனே தெரியும். ஆட்களை ஏற்றி நகர்கிற முதல் ஐம்பது மீற்றரில் அந்த வித்தியாசத்தை ஓட்டுகிறவர் கையில் உணர்வார்.

சில பழைய புரொப்பெல்லர்களில் எண் தேய்ந்துபோயிருக்கும், அல்லது யாரோ வெல்டிங் செய்து மறைத்திருப்பார்கள். அப்போது நாமே அளக்கலாம். நடுவிலிருந்து இலை நுனிவரை அளந்து இரண்டால் பெருக்கினால் விட்டம். பிட்சுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மேசையில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, புரொப்பெல்லரை அதன்மேல் குடம் படியும்படி நேராக வையுங்கள். நடுவிலிருந்து நுனிவரை உள்ள தூரத்தில் பத்தில் ஏழு பங்குத் தூரத்தில் இலைமீது ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் ஒரு விளிம்பு கண்ணாடியிலிருந்து எவ்வளவு உயரம், மறு விளிம்பு எவ்வளவு என்று அடிக்கோலால் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். பிறகு அந்த இரண்டு விளிம்புகளுக்கும் இடையில் நடுவில் எத்தனை பாகை என்று பிள்ளைகளின் கொம்பாஸ் பெட்டியில் இருக்கிற பாகைமானியால் பாருங்கள். உயர வித்தியாசத்தை 360ஆல் பெருக்கிப் பாகையால் வகுத்தால் பிட்ச். வித்தியாசம் ஒன்றரை அங்குலம், பாகை 60 என்றால் பிட்ச் ஒன்பது.

கண்ணாடியில் வைத்திருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். மூன்று இலைகளின் நுனியும் கண்ணாடியிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? ஒன்று மட்டும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் தள்ளி நின்றால் அந்த இலை வளைந்திருக்கிறது. ஓடும்போது கைப்பிடியில் ஒரு நடுக்கம் வருமே, அதற்கு இதுதான் காரணம். விளிம்பில் சின்னப் பல் விழுந்திருந்தால் அரத்தால் மென்மையாக்கிவிடலாம். இலை வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்துகிற வேலையை மட்டும் விட்டுவிடுங்கள். அலுமினியம் அந்த இடத்தில் வெடித்து நிற்கும், ஒருநாள் தண்ணீர் நடுவில் கழன்று போகும்.

புதிது வாங்குவதற்கு முன்னால் பழையது நிஜமாகவே கெட்டுத்தான் போனதா என்றும் உறுதிசெய்யுங்கள். இலைகள் முழுசாக இருக்கும், ஆனால் த்ரொட்டில் கொடுத்தவுடன் எஞ்சின் அலறும், போட் போகாது. இப்படி வந்தால் குடத்துக்குள் இருக்கிற றப்பர் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். பாறையிலோ கட்டையிலோ மோதும்போது கியர் உடையாமல் காக்கவே அந்த றப்பரை வைத்திருக்கிறார்கள், பலமுறை அடிபட்டால் அது பிடியை விட்டுவிடும். சோதிப்பது சுலபம். புரொப்பெல்லரின் பின்பக்கம், உள்ளே இருக்கும் உலோகப் புஷ்ஷிலிருந்து வெளிக்குடம்வரை பெயின்ட்டால் ஒரு நேர்க்கோடு போட்டுக் காய விடுங்கள். தண்ணீரில் ஒருமுறை முழு த்ரொட்டில் கொடுத்துவிட்டு வந்து பாருங்கள். கோடு ஒடிந்து இரண்டாகப் பிரிந்திருந்தால் றப்பர் போய்விட்டது. கோடு நேராகவே இருந்தால் பிரச்சினை வேறு. அநேகமாக எஞ்சினை உயரமாக மாட்டியிருப்பார்கள். எஞ்சின் காலில், புரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தட்டு போட்டின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் திரும்பும்போது காற்றை இழுத்து இப்படித்தான் அலறும். அதற்குப் புது புரொப்பெல்லர் வாங்கினால் காசுதான் நட்டம்.

எந்த உலோகம் என்பதில் எனக்கு ஒரே கருத்துத்தான். மலையில் அலுமினியம். மவுசாகலையில் தண்ணீர் வற்றுகிற மாதங்களில் போய்ப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பழைய மஸ்கெலியா டவுனே அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் வெளியே வரும், மதில், படிக்கட்டு, மரக்கட்டை எல்லாம் வரும். வெளியே வராமல் அரை அடி ஆழத்தில் நிற்கிற கட்டைதான் ஆபத்து. அதில் அலுமினிய இலை மோதினால் இலை போகும். ஸ்டெயின்லெஸ் மோதினால் இலை அப்படியே நிற்கும், அடி முழுதும் ஷாஃப்டுக்கும் கியருக்கும் போகும். ஒரு இலைக்குப் பதிலாகக் கியர்பெட்டியையே மாற்ற வேண்டி வரும். 15 குதிரைவலு எஞ்சினில் ஸ்டெயின்லெஸ்ஸால் வருகிற வேக லாபமும் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. பிளாஸ்டிக் வகைகளை அவசரத்துக்கு உதிரியாகப் போட்டில் வைத்திருக்கலாம். நாலு இலைப் புரொப்பெல்லர் கிடைத்தால் பாரத்துக்கு நல்லதுதான், தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், நடுக்கம் குறையும். ஆனால் சுற்றும் கொஞ்சம் குறையும் என்பதால் பிட்சை இன்னொரு படி இறக்க வேண்டும்.

கடையில் கம்பெனிச் சாமானும் இருக்கும், சோலாஸ் மாதிரி வேறு தயாரிப்புகளும் இருக்கும். பெயரைவிடப் பொருத்தம்தான் முக்கியம். எஞ்சினின் மொடல் நம்பரை எழுதிக்கொண்டு போங்கள். குடத்துக்குள், ஷாஃப்டைப் பிடிக்கிற ஸ்ப்ளைன் பற்களை எண்ணி ஒப்பிடுங்கள். பழைய புரொப்பெல்லரோடு, அதற்கு முன்னால் ஷாஃப்டில் உட்காருகிற த்ரஸ்ட் வாஷரையும் எடுத்துக்கொண்டு போய், புதியதில் அது சரியாக உட்காருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நீர்கொழும்புக்கு இன்னொரு தடவை பஸ் ஏறுவது சின்ன விஷயம் இல்லை. மிகச் சின்ன எஞ்சின்களில் ஸ்ப்ளைன் இருக்காது, ஷாஃப்டின் குறுக்கே ஒரு பின்தான் இருக்கும். அடிபட்டால் பின் ஒடியும், புரொப்பெல்லருக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பின்னைக் கேட்டு நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆணியை வெட்டிப் போடாதீர்கள், ஆணி ஒடியாது, அடுத்த அடியில் ஷாஃப்ட்தான் வளையும்.

மாற்றுகிற வேலைக்குத் தொடங்கும் முன் எஞ்சினை நிறுத்துகிற கில் ஸ்விட்ச் கயிற்றைக் கழற்றி, நியூட்ரலில் போட்டு, பிளக் கேப்பையும் பிடுங்கிவிடுங்கள். கையால் புரொப்பெல்லரைச் சுற்றும்போது எஞ்சின் ஒருமுறை பிடித்தாலும் விரல் இருக்காது. இலைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துச் சுற்றாமல் நிறுத்துங்கள். நட்டு கழலாமல் பிடித்திருக்கிற ஸ்ப்லிட் பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டைக் கழற்றுங்கள். வாஷர், ஸ்பேசர் எல்லாம் எந்த வரிசையில் வருகின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. புரொப்பெல்லர் வராமல் ஒட்டிக்கொண்டால் மரத்தால் மட்டும் தட்டுங்கள்.

கழற்றியதும் ஷாஃப்டின் அடியில், தண்ணீரை உள்ளே விடாத சீல் வளையத்துக்குப் பக்கத்தில் நன்றாகப் பாருங்கள். வலை நைலோன் நூல் அங்கே சுற்றி இறுகியிருக்கும், மயிர் மாதிரி மெலிசாக, எண்ணெய் ஊறிக் கறுத்து. பிளேடால் கவனமாக வெட்டி முழுதும் எடுங்கள். அதை விட்டால் சீலை அறுத்துவிடும், கியருக்குள் தண்ணீர் போகும். கியர்பெட்டியின் கீழ் ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்திக் கியர் ஒயிலை ஒரு சொட்டுப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் ஏற்கெனவே போய்விட்டது, முதலில் சீலை மாற்றுங்கள்.

ஸ்ப்ளைனைத் துடைத்து மரைன் கிரீஸ் நன்றாகப் பூசி, த்ரஸ்ட் வாஷரை அதன் பக்கம் மாறாமல் வைத்து, புதியதை ஏற்றி, வரிசைப்படி மூடுங்கள். நட்டை இறுக்கியதும் ஸ்ப்லிட் பின் போகும் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி நேராக்கக் கூடாது. ஸ்ப்லிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது, ஸ்டெயின்லெஸ். கம்பித் துண்டை முறுக்கிப் போட்டவர்களின் புரொப்பெல்லர்கள் காசல்ரீயின் அடியில் சில கிடக்கின்றன.

பிறகு அதே பாரத்தோடு, அதே இடத்தில், மீற்றரைக் கட்டி மறுபடி ஓட்டிப் பாருங்கள். எண் எல்லைக்குள் வந்துவிட்டால் எஞ்சின் கவரின் உட்பக்கத்தில் பிட்சையும் சுற்றையும் இடத்தின் பெயரையும் மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்தமுறை யார் கடைக்குப் போனாலும் அதைப் பார்த்துக் கேட்கலாம். போட்டைப் பின்னொரு நாள் விக்டோரியா பக்கம் கொண்டுபோகிறவர்கள் மீற்றரையும் கூடவே கொண்டுபோங்கள், கீழே அதே புரொப்பெல்லரோடு சுற்று கூடும், எல்லையைத் தாண்டவும் கூடும். முதல் நாள் ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் எஞ்சினைத் தூக்கி, நட்டும் பின்னும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறை கைவைத்துப் பாருங்கள். பழையதில் இலைகள் ஓரளவு நன்றாக இருந்தால் எறிய வேண்டாம். ஒரு ஸ்பேனர், ஒரு குறடு, இரண்டு ஸ்ப்லிட் பின்களோடு சீட்டுக்கு அடியில் போட்டுவைத்தால் கரைவரை கொண்டுவந்து சேர்க்கும்.